சிண்ட்ரோம் சொன்னதும் ஸ்பர்ஸ் செய்ததும்

"மாமா, உங்க ஸ்பர்ஸ் டீம் அந்தப் படத்துல வர்ற வில்லன் மாதிரியே இருக்கு."

அக்கா மகள் இதைச் சொன்னபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. 2014 ஜூன் 11, புதன்கிழமை காலை. பள்ளி திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சீருடை போட்டு, மடியில் இட்லித் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பின்னலில் ஒன்று முடிந்து இன்னொன்று பாதியில் நின்றது. பின்னால் அக்கா சீப்போடு நின்று, "தலையை ஆட்டாதடி" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். மயாமியில் அது செவ்வாய்க்கிழமை இரவு. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதிப்போட்டித் தொடர், அதில் மூன்றாவது ஆட்டம்.

அவள் லெப்ரான் ஜேம்ஸ் ரசிகை, அதனால் மயாமி ஹீட் கட்சி. நான் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கட்சி. அன்று முதல் க்வார்ட்டரில், அதாவது முதல் கால் பகுதியில் மட்டும் ஸ்பர்ஸ் 41 புள்ளி எடுத்தது. முதலில் எறிந்த 21 ஷாட்டில் 19 உள்ளே போனது. பாதி ஆட்டம் முடிந்தபோது 71-50. எறிந்தது 33, விழுந்தது 25. கணக்குப் போட்டால் 75.8 சதவீதம். இறுதிப்போட்டி வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் ஒரு பாதியில் அப்படி எறிந்ததில்லை. அவள் இட்லியைத் தொடவேயில்லை.

எந்த வில்லன் என்று கேட்டேன். சிண்ட்ரோம் என்றாள். "எல்லாரும் சூப்பர் ஆயிட்டா யாருமே சூப்பர் இல்லைன்னு அவன் சொல்வான்ல? உங்க டீம்லயும் அதேதான். எல்லாரும் போடறாங்க. யாரு ஹீரோன்னே தெரியல."

அதற்குள் வேன் ஹாரன் அடித்துவிட்டது. பாதிப் பின்னலை முடிச்சுப் போட்டுக்கொண்டே ஓடினாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் அன்று பதிலும் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஆண்டுகள் போன பிறகும், ஸ்பர்ஸைப் பற்றி எதைப் படித்தாலும் அந்த வில்லன் கூடவே வந்து நிற்கிறான். அதனால் அவள் சொன்னதை எண்களை வைத்தே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

படம் பார்க்காதவர்களுக்கு ஒரு சுருக்கம். 2004-ல் பிக்சார் எடுத்து பிராட் பேர்ட் இயக்கிய 'தி இன்க்ரெடிபிள்ஸ்'. சிண்ட்ரோம் பிறவியில் எந்தச் சக்தியும் இல்லாதவன். சிறுவனாக இருக்கும்போது மிஸ்டர் இன்க்ரெடிபிள் என்ற மாவீரனின் ரசிகன். உதவியாளனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போய் நிற்கிறான். 'நான் தனியாகத்தான் வேலை செய்வேன்' என்று அவர் விரட்டிவிடுகிறார். அந்த அவமானத்தோடு வளர்ந்து, ஆயுதங்கள் செய்து விற்றுப் பணக்காரனாகிறான். ஒரு ரோபோவைக் கட்டுகிறான். ஓய்வுபெற்ற வீரர்களை ஒவ்வொருவராகத் தன் தீவுக்கு வரவழைத்து அதனோடு மோதவிடுகிறான். ரோபோ தோற்றால் அதைத் திருத்தி அடுத்ததைக் கட்டுகிறான். கடைசியில் அதை நகரத்தின் மேல் ஏவிவிட்டு, தானே வந்து அடக்குவதுபோல நடித்து வீரன் என்று பெயர் வாங்குவது திட்டம். வயதான பிறகு தன் கருவிகளையெல்லாம் எல்லோருக்கும் விற்றுவிடுவானாம். எல்லோரும் சூப்பர் ஆகிவிடுவார்கள், அப்புறம் யாருமே சூப்பர் இல்லை. அவன் அதை மிரட்டலாகத்தான் சொல்கிறான்.

சரி, எண்களுக்கு வருவோம்.

2013-14 பருவத்தில் ஸ்பர்ஸ் 82 ஆட்டத்தில் 62 வென்றது. அந்த ஆண்டு லீக்கிலேயே அதிகம். பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை தொடர்ந்து 19 வெற்றி. இப்படி ஆடிய அணியில் ஒரு வீரர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. என்பிஏ வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியிலும் அப்படி நடந்ததில்லை. டோனி பார்க்கர் 29.4 நிமிடம், டிம் டங்கன் 29.2, கவாய் லெனர்ட் 29.1. அதே ஆண்டு லெப்ரான் 37.7 நிமிடமும் ஒக்லஹோமாவின் கெவின் டுரான்ட் 38.5 நிமிடமும் ஆடினார்கள். ஓர் ஆட்டம் 48 நிமிடம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்து புள்ளிகள். ஸ்பர்ஸ் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 105.4 புள்ளி எடுத்தது. அதில் அதிகம் எடுத்த பார்க்கரின் பங்கு 16.7. அணியின் புள்ளியில் 15.8 சதவீதம். டுரான்ட் எடுத்தது 32.0, அவருடைய அணியின் சராசரி 106.2. முப்பது சதவீதம் அவர் ஒருவரே. லெப்ரான் 27.1, அணி 102.2. இருபத்தாறரை சதவீதம். ஸ்பர்ஸில் பார்க்கருக்குக் கீழே டங்கன் 15.1, லெனர்ட் 12.8, ஜினோபிலி 12.3, பெலினெல்லி 11.4, மில்ஸ் 10.2 என்று படிக்கட்டு இறங்குகிறது. டயாவும் கிரீனும் தலைக்கு 9.1. ஸ்பிலிட்டர் 8.2. ஒன்பது பேர். இதில் ஜினோபிலியும் பெலினெல்லியும் மில்ஸும் பெரும்பாலான ஆட்டங்களில் பெஞ்சில் இருந்து இறங்கியவர்கள்.

இதுவரை பார்த்தால் அக்கா மகள் சொன்னது சரி. எல்லோரும் சூப்பர். யாரும் தனியாகத் தெரியவில்லை. சிண்ட்ரோம் கண்ட கனவை டெக்ஸாஸில் ஒரு கிழட்டு கோச் நடத்திக் காட்டிவிட்டார் என்றே சொல்லலாம்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம் வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் நடக்கும் கூடைப்பந்துப் போட்டிகளில் பல ஆண்டுகளாக நான் ஸ்கோர் மேசையில் உட்காருகிறவன். ஆடிய காலத்தில் பெரிய ஆட்டக்காரன் இல்லை, ஆனால் ஸ்கோர் ஷீட் எழுதுவதில் எனக்குப் பிடிப்பு உண்டு. சர்வதேசக் கூட்டமைப்பின் அந்தத் தாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வலது பக்கம் முழுக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்கள் அச்சாகியிருக்கும். இரண்டு புள்ளி விழுந்தால் எண்ணின் மேல் ஒரு சாய்கோடு. எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ என்றால் எண்ணின் மேல் கனமான ஒரு புள்ளி. தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த மூன்று புள்ளி என்றால் போட்டவரின் சட்டை எண்ணைச் சுற்றி வட்டம். முதல் க்வார்ட்டருக்கும் மூன்றாவதற்கும் சிவப்பு மை, மற்றவற்றுக்கு நீலமோ கறுப்போ. இடது பக்கம் பெயர்ப் பட்டியல், அதற்கு நேரே ஃபவுலுக்கு ஐந்து கட்டம். டைம் அவுட்டுக்கும் கட்டம் உண்டு.

பாஸுக்குக் கட்டம் கிடையாது.

பல வருஷம் எழுதிய பிறகுதான் எனக்கே இது உறைத்தது. நான்கு பேர் கை மாறி, எதிரணியை இடமும் வலமும் ஓடவிட்டு, மூலையில் தனியாக நிற்கும் பெண்ணுக்குப் பந்து வந்து சேரும். அவள் போடுவாள். நான் அவளுடைய எண்ணை எழுதி வட்டம் போடுவேன். மற்ற நான்கு பேரும் அந்த நிமிடத்தில் கோர்ட்டில் இருந்தார்கள் என்பதற்கே தாளில் தடயம் இருக்காது. ஆட்டம் முடிந்ததும் பெற்றோர் வந்து மேசையில் எட்டிப் பார்ப்பார்கள். "எங்க பொண்ணு எத்தனை சார்?" கேட்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டியது அந்த ஒரு எண்தான். அதில் தப்பும் இல்லை, தாள் அப்படி.

என்பிஏ கணக்கில் அசிஸ்ட் உண்டு. ஆனால் கடைசிப் பாஸ் கொடுத்தவருக்குத்தான் அந்தப் பெயர். அதற்கு முந்தைய பாஸ் யாருடையது என்று பழைய புள்ளிவிவரத்தில் தேட முடியாது. 2013-14 பருவத்தில்தான் லீக்கின் எல்லா அரங்குகளிலும் மேலே ஆறு கேமராக்கள் மாட்டி, பந்தும் பத்து வீரர்களும் எங்கே இருக்கிறார்கள் என்று நொடிக்கு 25 தடவை பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஒரு பந்து எத்தனை கை மாறியது என்பது அப்போதுதான் எண்ணாக ஆனது. ஸ்பர்ஸ் மிக அழகாக ஆடிய ஆண்டும் அதுவே என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. எண்ணுவதற்கு ஆள் வந்த வருஷம் பார்த்து, எண்ண வேண்டிய ஆட்டமும் வந்தது.

அந்த ஆட்டம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பார்க்கர் பந்தோடு உள்ளே பாய்கிறார். அவரை மறிக்க இரண்டு பேர் வருகிறார்கள். இரண்டு பேர் வந்தால் எங்கேயோ ஒருவர் காலியாக நிற்கிறார் என்று அர்த்தம். பந்து டயாவுக்குப் போகிறது. டயாவே அங்கிருந்து எறியலாம், நல்ல ஷாட்தான். ஆனால் ஒருவன் அவரை நோக்கி ஓடி வருகிறான். டயா அவன் விட்டு வந்த ஆளுக்குக் கொடுக்கிறார். அவரை நோக்கி இன்னொருவன் ஓடுகிறான். அவர் மூலைக்குத் தள்ளுகிறார். மூலையில் டேனி கிரீன். பக்கத்தில் யாரும் இல்லை. நல்ல ஷாட்டை விட்டுவிட்டு இன்னும் நல்ல ஷாட்டைத் தேடு என்பது அந்த அணியின் பாடம். பந்து கைக்கு வந்தால் அரை நொடிக்குள் எறி, கொடு, அல்லது தட்டிக்கொண்டு ஓடு. வைத்துக்கொண்டு யோசிக்காதே என்பது இன்னொரு பாடம். அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 25.2 அசிஸ்ட், லீக்கில் முதலிடம். போட்ட பத்துக் கூடையில் ஆறுக்கு மேல் யாரோ ஒருவர் கொடுத்து விழுந்தவை. த்ரீ பாயிண்டரில் 39.7 சதவீதம், அதுவும் லீக்கில் முதலிடம். இந்த இரண்டு எண்ணும் தனித்தனி இல்லை. காலியாக நிற்கிறவனிடம் பந்து போனால் சதவீதம் தானாக ஏறும்.

போரிஸ் டயாவை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2012 மார்ச்சில் ஷார்லட் அணி அவரைக் கழற்றி விட்டது. அந்தப் பருவத்தில் 66 ஆட்டத்தில் 7 மட்டுமே வென்ற அணி அது. அங்கேயே வேண்டாம் என்று சொல்லப்பட்டவர் இரண்டு ஆண்டு கழித்து இறுதிப்போட்டியின் மூன்றாவது ஆட்டத்திலிருந்து தொடக்க ஐவரில் ஒருவர். ஐந்து ஆட்டத்தில் அவருடைய சராசரி 6.2 புள்ளி. என் ஸ்கோர் ஷீட்டில் எழுதியிருந்தால் எந்தப் பெற்றோரும் பெருமைப்பட மாட்டார்கள். கூடவே 8.6 ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது), 5.8 அசிஸ்ட். அவர் உள்ளே வந்த மூன்று ஆட்டத்தையும் ஸ்பர்ஸ் முறையே 19, 21, 17 புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

இனி அந்த ரோபோ. படத்தில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது சிண்ட்ரோம் இல்லை, அவன் கட்டிய அந்த இயந்திரம்தான். ஒவ்வொரு சண்டையிலும் அது கற்றுக்கொள்கிறது. எந்த உத்தியால் அடி வாங்கியதோ அது அடுத்த தடவை பலிப்பதில்லை.

2013 ஜூன் 18. அதே மயாமி, அதே இரண்டு அணிகள், ஆறாவது ஆட்டம். ஸ்பர்ஸ் 3-2 முன்னிலை, இன்னும் ஒன்று வென்றால் கோப்பை. 28 விநாடி மீதி இருக்கும்போது ஐந்து புள்ளி முன்னால் இருந்தார்கள். கோப்பை வழங்குவதற்காக மைதான ஊழியர்கள் கூட்டத்தைத் தடுக்கும் மஞ்சள் கயிற்றை எடுத்து வந்துவிட்டார்கள். லெப்ரான் ஒரு த்ரீ போட்டார். லெனர்ட் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். மறுபடி லெப்ரான் எறிந்தது விழவில்லை, ஆனால் ரீபவுண்டை கிறிஸ் பாஷ் பிடித்து ரே ஆலனுக்குக் கொடுத்தார். ஆலன் பின்னாலேயே நடந்து கோட்டுக்கு வெளியே போய் நின்று எறிந்தார். 5.2 விநாடி மீதி. சமம். கூடுதல் நேரத்தில் 103-100 என்று ஸ்பர்ஸ் தோற்றது. ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், டங்கன் ஆயிரம் தடவை போட்ட மாதிரியான ஒரு கிட்டத்துப் பந்து விழவில்லை. கீழே குனிந்து தரையை இரண்டு கையாலும் அறைந்தார். 95-88. அவருக்கு அப்போது 37 வயது. இனி இங்கே வரமாட்டார்கள் என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோச் கிரெக் பாப்போவிச் அடுத்த பருவத்தின் பயிற்சி முகாமில் அந்தத் தோல்வியின் வீடியோவைத்தான் முதலில் போட்டுக் காட்டினார். யார் மேலும் பழி போடாமல், ஒவ்வொரு இடத்திலும் என்ன நடந்தது என்று பார்க்கவைத்தார். வலிக்கும் என்று தெரிந்தே செய்தது. இதுதான் ரோபோ செய்யும் வேலை. ஓராண்டு கழித்து அதே இரண்டு அணியும் மோதிய ஐந்து ஆட்டத்தில் ஸ்பர்ஸ் எடுத்தது 528, மயாமி 458. ஆட்டத்துக்குச் சராசரி 14 புள்ளி வித்தியாசம், இறுதிப்போட்டி வரலாற்றிலேயே பெரியது. எறிந்ததில் 52.8 சதவீதம் விழுந்தது, அதுவும் சாதனை. முந்தைய ஆண்டு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்ட லெனர்டுக்கு 22 வயது. முதல் இரண்டு ஆட்டத்தில் ஒன்பது, ஒன்பது என்று ஒடுங்கிக் கிடந்தவர் அடுத்த மூன்றில் 29, 20, 22 எடுத்துத் தொடரின் சிறந்த வீரர் ஆனார்.

ஐந்தே ஆட்டத்தின் சராசரியை வைத்து அதிகம் அளக்கக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் ஆட்டத்தில் சான் அன்டோனியோ அரங்கில் ஏசி பழுதாகி, வெக்கையில் லெப்ரானுக்குத் தசைப்பிடிப்பு வந்து கடைசி நிமிடங்களில் உட்கார வேண்டியதாயிற்று. இரண்டாவது ஆட்டத்தை மயாமி 98-96 என்று வென்றது. மயாமிக்கு அது தொடர்ந்து நான்காவது இறுதிப்போட்டி, கால்கள் களைத்திருந்தன. இவ்வளவையும் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் நிற்பது பெரியதுதான்.

சிண்ட்ரோமோடு பொருந்தாத ஒன்றும் உண்டு. படத்தில் வில்லன்கள் நீளமாகப் பேசிப் பேசியே மாட்டிக்கொள்வார்கள். சிண்ட்ரோமே ஒரு கட்டத்தில் தன்னை மறந்து பேசி, சட்டென்று சுதாரித்துக்கொள்வான். அவனுக்குக் கைதட்டல் வேண்டும். அந்தப் பொய்ச் சண்டையே கைதட்டலுக்காகத்தான். ஸ்பர்ஸ் இதற்கு நேர் எதிர். பாப்போவிச் ஆட்ட இடைவேளைப் பேட்டிகளில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேசுவது அரிது. டங்கனிடம் நெஞ்சில் அடித்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. பலகையில் பட்டு விழும் அந்தச் சாதாரண ஷாட்டை 19 வருஷம் போட்டுக்கொண்டிருந்தார். இதன் விலையும் எண்ணில் இருக்கிறது. 2003-ல் ஸ்பர்ஸ் வென்ற இறுதிப்போட்டியை அமெரிக்காவில் டிவியில் பார்த்தவர்கள் அதுவரை இல்லாத அளவுக்குக் குறைவு. 2007-ல் ஸ்பர்ஸ் வென்ற இறுதிப்போட்டி அதையும்விடக் கீழே போனது, சராசரியாகச் சுமார் 93 லட்சம் பேர். 'போர் அடிக்கும் அணி' என்ற பட்டம் அந்த அணிக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

2012 நவம்பர் 29-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். மயாமியில் ஆட்டம், நாடு முழுக்க நேரடி ஒளிபரப்பு. தொடர் பயணத்தில் களைத்திருந்த டங்கன், பார்க்கர், ஜினோபிலி, கிரீன் நால்வரையும் பாப்போவிச் ஆட்டத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிச்சம் இருந்தவர்கள் 105-100 வரை போராடித் தோற்றார்கள். லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தார். காசு கொடுத்து வந்தவர்களுக்கு ஹீரோவைக் காட்டவில்லை என்பது குற்றம். டிக்கெட் வாங்கிய குடும்பங்களின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த 30 நிமிடக் கணக்கின் விதை அங்கேதான் இருக்கிறது. 2014 ஜூனில் 38 வயது டங்கன் ஓட முடிந்ததற்கு, முந்தைய குளிர்கால இரவுகளில் அவர் உட்காரவைக்கப்பட்டது ஒரு காரணம்.

இதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் அக்கா மகளின் வாதத்தில் எது இடிக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது. சிண்ட்ரோமின் வாக்கியத்தில் இரண்டு பாதி இருக்கிறது. 'எல்லோரும் சூப்பர்' என்ற முதல் பாதியை ஸ்பர்ஸ் செய்து காட்டியது. 'யாருமே சூப்பர் இல்லை' என்ற இரண்டாவது பாதி நடக்கவேயில்லை. பார்க்கரின் 16.7 புள்ளியை, 36 நிமிடம் ஆடியிருந்தால் என்ற கணக்குக்கு மாற்றினால் 20.4 வருகிறது. அவர் குறைந்துபோகவில்லை, குறைந்த நேரம் ஆடினார், அவ்வளவே. டங்கன் 2020-லும், ஜினோபிலி 2022-லும், பார்க்கரும் பாப்போவிச்சும் 2023-லும் கூடைப்பந்தின் பெருமைக்குரியவர்கள் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார்கள். ஹீரோ இல்லாத அணியில் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? பக்கத்தில் நிற்கிறவன் நன்றாக ஆடினால் தன் பெருமை குறையும் என்று பயப்படுகிறவனுக்குத்தான் அந்த வாக்கியம் உண்மை. சிண்ட்ரோம் அப்படிப்பட்டவன். டங்கன் அப்படிப்பட்டவர் இல்லை. புதிய வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வில் 1997-ல் முதல் ஆளாகத் தேர்வாகி வந்த அவர், 1999-ல் 57-வது ஆளாகத் தேர்வான அர்ஜென்டினாக்காரர் ஜினோபிலிக்கும், இரண்டு தடவை கழற்றிவிடப்பட்ட கிரீனுக்கும் ஒரே மாதிரி பந்து கொடுத்தார்.

படத்தில் 'நான் தனியாகத்தான் வேலை செய்வேன்' என்று சொன்னது ஹீரோ என்பதும் அப்போதுதான் மறுபடி ஞாபகம் வந்தது. அந்த ஒரு வரிதான் சிண்ட்ரோமையே உருவாக்கியது. கடைசியில் அந்த ரோபோவை அடக்குவது அவர் தனியாள் பலமும் இல்லை. மனைவி, பிள்ளைகள், நண்பர் எல்லோரும் ரிமோட்டைக் கை மாற்றிக் கை மாற்றித்தான் முடிக்கிறார்கள். அந்தக் காட்சியை இப்போது பார்த்தால் எனக்கு ஸ்பர்ஸின் பாஸ்தான் தெரிகிறது.

ஐந்தாவது ஆட்டம் எங்களுக்குத் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு. அவளே அலாரம் வைத்து எழுந்து வந்து என் பக்கத்தில் போர்வையோடு உட்கார்ந்தாள். மயாமி 22-6 என்று பறந்தது. அவள் எழுந்து நின்று குதித்தாள். அப்புறம் அந்தப் பழைய பாஸ் ஆட்டம் மெதுவாகத் தொடங்கியது. பாதியில் 47-40, ஸ்பர்ஸ் முன்னால். மூன்றாவது க்வார்ட்டரில் மில்ஸ் வந்து 14 புள்ளி எடுத்தார். முடிவு 104-87. லெப்ரான் 31 புள்ளி, 10 ரீபவுண்ட். அவருக்கு அடுத்து மயாமியில் பாஷ் 13, வேட் 11. அணியின் 87-ல் 31 ஒரே ஆளுடையது. கடைசி நிமிடங்களில் அவர் பெஞ்சில் துண்டைக் கழுத்தில் போட்டு உட்கார்ந்திருப்பதைக் காட்டினார்கள்.

"அவரு தனியா ஆடறாரு மாமா" என்றாள். குரல் உடைந்திருந்தது. நான் போர்வையை அவள் தோளில் இழுத்துவிட்டேன். வில்லன் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

டங்கன் 2016 ஜூலை 11 அன்று ஓய்வு பெற்றார். 1,392 ஆட்டம், 26,496 புள்ளி, 1,001 வெற்றி, ஐந்து கோப்பை, எல்லாம் ஒரே அணிக்காக. அணி ஓர் அறிக்கை விட்டது. மேடையும் இல்லை, ஊர் ஊராக விடைபெறும் பயணமும் இல்லை. அன்று அக்கா மகள் பள்ளி அணியில் ஆடிக்கொண்டிருந்தாள், பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாயிண்ட் கார்ட். செய்தியைப் பார்த்துவிட்டு அவள்தான் எனக்கு முதலில் போன் செய்தாள்.

அப்புறம் கல்லூரி அணிக்கும் ஆடினாள். ஒரு போட்டியில் அவளுடைய ஆட்டம் பார்க்கப் போனேன். மேசையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார், நான் கேலரியில். கையில் ஒரு பழைய நோட்டுத் தாளும் பென்சிலும். கூடை விழும்போதெல்லாம், அதற்குக் கடைசிப் பாஸ் யாருடையதோ அவர் பெயருக்கு நேரே ஒரு சின்னப் புள்ளி, அதற்கு முந்தைய பாஸுக்கு இன்னொரு புள்ளி என்று வைத்துக்கொண்டே வந்தேன். பெயர் தெரியாதவர்களுக்குச் சட்டை எண்.

ஆட்டம் முடிந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேலரிக்கு ஏறி வந்தாள். மேசையில் இருந்த தாளில் அவளுக்கு நான்கே புள்ளி. முகம் சரியில்லை. நான் என் தாளை நீட்டினேன். அவள் பெயருக்கு நேரே பென்சில் புள்ளிகள் வரி தாண்டி அடுத்த வரிக்குப் போயிருந்தன. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதினேழு.

"பத்தாம் நம்பருக்கும் காட்டு மாமா, அவளுக்கு எத்தனை?" என்று தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.